படத்தில் இல்லாத புள்ளி

மண் பரிசோதனைக் கூடத்தில் அவளை எல்லோரும் 'மண்ணக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள், வயதில் மூத்தவர்கள்கூட. பெட்ரோல் பங்க், சாயப்பட்டறை, பழைய பேட்டரி உருக்கும் கொட்டகை என்று எங்கே நிலம் கெட்டுப்போனதாகப் புகார் வந்தாலும் ஐஸ் பெட்டியும் கண்ணாடிக் குப்பிகளுமாக அவள்தான் போய் இறங்குவாள். கையுறையை மாட்டும்போதே ஏதாவது நக்கலடித்து, கூட வந்தவர்களின் பயத்தைப் போக்கிவிடுவாள். "நம்மள விட மோசமானது கீழ எதுவும் இருக்காது, தோண்டுங்க" என்பாள்.

பூட்டிக் கிடந்த பூச்சி மருந்துக் கிடங்குக்குப் போகச் சொன்ன அன்று மட்டும் அவளுக்கு நக்கல் வரவில்லை. அவளுடைய அப்பா அங்கே காவல்காரராக இருந்தவர். கிடங்கு வளாகத்துக்குள்ளேயே, பின்பக்கச் சுற்றுச்சுவரை ஒட்டிய ஒற்றை அறை வீட்டில்தான் அவள் வளர்ந்தாள். அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே அம்மா நோயில் படுத்து, அங்கேயே கண்ணை மூடினாள். அதற்கப்புறம் அப்பாவுக்கு அந்த இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை, வேலையை விட்டுவிட்டார். இதை அவள் அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை.

வீட்டை எப்போதோ இடித்துத் தள்ளியிருந்தார்கள். அந்த இடத்தில் முள் மண்டிக் கிடந்தது.

போர் போடுபவர், மாதிரி எடுக்க வேண்டிய இடங்களில் புள்ளி வைத்திருந்த படத்தைப் பார்த்துப் பார்த்துத் துளை போட்டார். மருந்து கலக்கும் கூடம், லாரி நிற்கும் இடம், கழிவுத் தொட்டி என்று ஒவ்வொன்றாக முடிந்தது. ஒவ்வொரு துளையிலும் மண்ணை எடுத்துவைத்து, கலங்கல் போகும்வரை தண்ணீரை இறைத்துவிட்டு, தெளிந்த பிறகு அவள் குப்பியில் பிடித்தாள். அவர் இயந்திரத்தை மடக்கப் போனபோது, "அண்ணே, இன்னும் ஒண்ணு இருக்கு" என்று முள்ளை விலக்கிக்கொண்டு நடந்தாள்.

"படத்துல இங்க புள்ளியே இல்லையேம்மா."

"நான் வச்சுக்கறேன். போடுங்க."

முதலில் உடைந்த சிவப்புச் சிமெண்டுத் தரை வந்தது. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஈர மண். வியர்வையைத் துடைக்க முகமூடியை இறக்கியிருந்தாள். அந்த நேரம் பார்த்து வாசனை மூக்கில் ஏறியது. லேசான தித்திப்பு, அழுகத் தொடங்கிய பழம் மாதிரி.

அம்மாவின் முந்தானை. சின்ன வயதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தூங்கிய அதே வாசனை. இத்தனை வருஷமும் அதை அம்மாவுடையது என்றே நினைத்திருந்தாள். எப்போதாவது தூக்கத்தில் அது வரும். அம்மா வந்துவிட்டுப் போனதாக மனசைத் தேற்றிக்கொள்வாள்.

"என்னம்மா, தலை சுத்துதா?"

"இல்லண்ணே. இந்த வாசனை எனக்குத் தெரியும்."

"தெரியாம இருக்குமா? உங்க பொழப்பே அதுதானே" என்று சொல்லிவிட்டு அவர் இயந்திரத்தைக் கழுவப் போனார்.

முடிவுகள் வந்தன. அந்த முள்காட்டு மண்ணில்தான் மருந்து மிக அதிகம். நிலத்தடி நீரிலும் அது இறங்கி, சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்பு இருக்கும் திசையில் நகர்ந்துகொண்டிருந்தது. மேலதிகாரி தாளைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"படத்துல இல்லாத இடத்துல எதுக்கு எடுத்தீங்க?"

"அது எங்க வீட்டுச் சமையக்கட்டு சார்."

அவர் பேனாவை எடுத்தார். குடியிருப்பின் அடிபம்பை மூடும் உத்தரவில் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார்.

அப்பா அவளோடுதான் இருந்தார். அவர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்து கேட்டாள்.

"அப்பா, அங்க மருந்து டிரம் கழுவுற தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?"

"நம்ம வீட்டுப் பக்கந்தான். அந்த ஈரத்துலதானே உங்கம்மா கத்தரி போட்டா." பழைய நினைப்பில் அவர் முகம் மலர்ந்தது. "ஊரெல்லாம் பூச்சி அரிக்கும், நம்ம செடில ஒண்ணு உக்காராது. ராசியான மண்ணுன்னு வாய் ஓயாம சொல்லுவா."

சொல்லி முடிக்கும்போதே அவருக்கு உறைத்தது. கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தார்.

"அதனாலயா அவ போனா?"

"தெரியலப்பா."

"நீதானே எல்லாத்தையும் பாத்துச் சொல்றவ."

"மண்ணப் பாத்துச் சொல்லுவேன். அம்மாவப் பத்தி இப்பப் போய் எத வச்சுச் சொல்ல?"

அவர் எழுந்து போய்க் கையைக் கழுவினார். வெகுநேரம் கழுவிக்கொண்டே இருந்தார். அவளே போய்க் குழாயை மூடினாள்.

பம்பை மூட ஆட்கள் போனபோது அவளும் கூடப் போனாள். அது அவள் வேலை இல்லை. ஒரு பெண் இடுப்பில் குழந்தையும் கையில் குடமுமாக மறித்தாள்.

"தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. இதுல என்னத்தக் கண்டீங்க?"

"எங்களுக்கும் அப்படித்தாம்மா இருந்துச்சு. நான் இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் வளந்தவ."

அந்தப் பெண் சுவரைப் பார்த்தாள். பிறகு குழந்தையைப் பார்த்தாள்.

"இவளுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் "ஆஸ்பத்திரில காட்டிடலாம். நானும் வர்றேன்" என்றாள்.

ரத்தம் எடுத்த நர்ஸ், "ரிசல்ட் வந்ததும் கூப்பிடுறோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளை அழைத்தாள். எத்தனை வாசல்களில் நின்று மண்ணக்காவும் இதையே சொல்லிவிட்டு, ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டியிருக்கிறாள். இப்போது போகச் சொன்ன பிறகும் பெஞ்சை விட்டு எழத் தோன்றவில்லை. குழந்தை அழுது ஓய்ந்து அவள் மடியில் தூங்கிப்போயிருந்தது.

முடிவு நல்லபடியாகத்தான் வந்தது. இருந்தாலும் இடைவெளி விட்டு விட்டுக் குழந்தையைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் மண்ணக்கா லீவு போட்டுவிட்டுக் கூடப் போகிறாள். வீடு திரும்பும்போது அப்பா வாசலிலேயே நிற்பார்.

"புள்ளைக்கு ஒண்ணும் இல்லையாமா?"

"இப்போதைக்கு இல்லன்னு சொன்னாங்கப்பா."

அடுத்து எப்போது வரச் சொன்னார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் அவர் உள்ளே போவார்.