சோலோதுர்னுக்குப் போன பேணி

1996ஆம் ஆண்டு மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்கு, சூரிச்சுக்குப் பக்கத்தில் உள்ள ஷ்லீரன் ரயில் நிலையத்தில் நானும் ஹெர் கெல்லரும் நின்றோம். அவர் எங்கள் குடியிருப்பின் கீழ்த் தளத்தில் தனியாக இருப்பவர், வயது அறுபத்தைந்து. ஐந்து வருடமாக உடுப்புத் தோய்க்கும் அறையின் திறப்பைக் கைமாற்றும்போது வணக்கம் சொல்லிக்கொள்வோம். அதற்கு மேல் கதைக்கிற ஆள் நான் இல்லை.

சென்ற மாதம், என்னோடு துப்புரவு வேலை செய்யும் லான் என்ற வியட்நாம் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். படியில் அவளைக் கண்ட கெல்லர் எந்த நாடு என்று கேட்டார். சோலோதுர்னில் இருக்கும் அவளுடைய தகப்பன், 1954இல் பிரெஞ்சுக்காரரோடு நடந்த டியன் பியன் பூ சண்டைக்குச் சைக்கிளில் அரிசி தள்ளியவர் என்று தெரிந்ததும் அவர் தன் வீட்டுக்குள் போய்விட்டார். அந்தச் சண்டையில் கெல்லர் மறுபக்கம் இருந்தவர். பிரெஞ்சுக்காரரின் கூலிப்படையில் சேர்ந்த சுவிஸ்காரர். மறுநாள் என் கதவைத் தட்டினார். அவர் டொச்சில், ஜெர்மன் மொழியில், சொன்னதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"அந்த மனுசனிட்டை என்னைக் கூட்டிக்கொண்டு போவீங்களோ, ஃப்ராவ் சூசை? தனியப் போகப் பயமாக் கிடக்கு."

புறப்படும்போது என் கணவர் வாசலில் நின்று பகிடி பண்ணினார். "கடைக்குப் போகவே துணை கேக்கிறனீர். இப்ப பட்டாளத்துக்காரனுக்குத் துணை போறீரோ?"

கெல்லரின் பையில், தண்ணீர் குடிக்கிற ஓர் அலுமினியப் பேணி இருந்தது. நெளிந்து, கைபிடி கறுத்துப் போனது. சண்டையில் இறந்த ஒரு வியட்நாமியனுடையது, அதை அவர்களிடமே கொடுத்துவிட வேண்டும் என்று முதல்நாள் மாலை என்னிடம் காட்டினார். "வெறும் பேணியாவோ குடுக்கப் போறீங்கள்?" என்று கேட்டுவிட்டேன். எங்கள் ஊரில் அயலவரின் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. கறி வந்த கிண்ணத்தில் அம்மா ஒரு பிடி சீனியாவது போட்டு அனுப்புவா. என் சமையலறையில் இருந்த பச்சையரிசியைப் பேணி நிறையப் போட்டு, வெள்ளைத் துணியால் கட்டிக் கொடுத்தேன்.

8.35. சூரிச்சில் ஏறினோம். சோலோதுர்ன் ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். அரைக் கட்டண அட்டையில் போக வர 31 பிராங்க் 60. ஓல்டனில் ரயில் மாறும் வரை கெல்லர் யன்னல் கண்ணாடியில் விரலால் மலைகளை வரைந்து காட்டினார். நடுவில் பள்ளத்தாக்கு, சுற்றிவரக் காடு. அந்த மலைகளுக்கு மேல் பீரங்கி கொண்டுவர எவராலும் முடியாது என்று அவருடைய படை அதிகாரிகள் சொன்னார்களாம். வியட்நாமியர் கயிறு கட்டி இழுத்துக் கொண்டுவந்தார்கள். மார்ச்சில் முதல் இரவே ஒரு குன்று விழுந்தது. இரண்டு கிழமையில் விமானம் இறங்கும் பாதை பயன்படாமல் போயிற்று.

"அண்டைக்கே சண்டை முடிஞ்சுது. மிச்ச ஆறு கிழமையும் நாங்கள் சாகிறதுக்கு எடுத்த நேரம்" என்றார்.

ஒரு சைக்கிளில் இருநூறு கிலோ அரிசி தள்ளினார்கள் என்று அவர் சொன்னபோது நான் வியக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாத நாட்களில் விறகும் மூட்டையும் நோய் வருத்தக்காரரும் சைக்கிளில்தான் போனார்கள். சாவகச்சேரிச் சந்தையிலிருந்து என் தம்பி மூன்று மூட்டையோடு தள்ளிக்கொண்டு வருவான். தூரத்திலிருந்து பார்த்தால் மூட்டைகள்தான் தெரியும், ஆள் தெரியாது.

10.05. சோலோதுர்ன். ஆரே ஆற்றுப் பாலத்தில் நின்றால் வெள்ளைத் தேவாலயத்தின் கோபுரமும் பின்னால் யூரா மலையும் தெரிகின்றன. பூசைக்கு மணி அடித்தது. கெல்லர் இரண்டு முறை நின்றார். "திரும்பிப் போவமோ?" என்று கேட்டார். நான் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

கதவைத் திறந்த லானின் தகப்பன் மெலிந்த சிறிய மனிதர். கெல்லரும் அவரும் பிரெஞ்சில் கதைத்தார்கள், முன்பே வந்திருந்த லான் எனக்கு டொச்சில் சொன்னாள். துணியை அவிழ்த்ததும் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதை உங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது? செத்தவைக்கு நாங்கள் ஊதுபத்தி குத்துறது அரிசிக்குள்ளைதான்."

"எனக்குத் தெரியாது பிள்ளை. வெறுமையாக் குடுக்கக் கூடாதெண்டு..." எனக்கு வெட்கமாகிவிட்டது.

பெரியவர் பேணியை முன்னோரின் படங்களுக்குக் கீழே வைத்து, மூன்று ஊதுபத்தியைக் கொளுத்தி அரிசியில் குத்தினார். பிறகு கெல்லரிடம் கேட்டார்.

"அவன்ர பேர் என்ன?"

"தெரியாது."

"எப்பிடிச் செத்தவன்?"

கெல்லர் நிலத்தைப் பார்த்தார். "நான்தான் சுட்டனான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவன். என்ர பேணி துலைஞ்சு போச்சு, அவன்ரையை எடுத்தனான்."

சண்டையில் தோற்றுப் பிடிபட்ட பிறகு கெல்லர் போன்ற கைதிகளைக் கிழமைக்கணக்கில் நடத்திக்கொண்டு போனார்கள். பாத்திரம் வைத்திருந்தவனுக்குச் சோறும் கஞ்சியும் கிடைத்தன. இல்லாதவன் உள்ளங்கையில் ஏந்திப் பாதியைச் சிந்தினான். "இந்தப் பேணி இல்லாட்டி நான் இல்லை" என்றார் கெல்லர்.

ஊதுபத்தி எரிந்து முடிந்தது. பிறகு பெரியவர் அரிசியை ஒரு தட்டில் கொட்டினார். பேணியைத் துடைத்து, இரண்டு கையாலும் கெல்லரிடமே நீட்டினார்.

"நான் அவன்ர சொந்தக்காரன் இல்லை. நான் வாங்கினா, குடுத்தாச்செண்டு நீங்கள் போயிடுவீங்கள். நீங்களே வைச்சிருங்கோ. வருசா வருசம் பத்தி கொளுத்துங்கோ."

கெல்லர் வாங்கிக்கொண்டார். எழும்பப் போனவரைப் பெரியவர் தோளில் அழுத்தி இருத்தினார். "எங்கை போறியள்? சாப்பாடு இருக்கு."

நூடில்ஸ் சூப்பைக் குடித்துக்கொண்டே பெரியவர் சொன்னார்: "உங்கட விமானம் போட்ட பெட்டியெல்லாம் எங்கட பக்கந்தான் விழுந்தது. அதிலை மஞ்சளாக் கட்டி கட்டியா ஒண்டு. சவுக்காரமெண்டு நினைச்சு உடுப்புத் தோய்ச்சம். நுரையே வரேல்லை."

"அது சீஸ்" என்றார் கெல்லர். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். வென்ற நாட்டிலிருந்து இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு பெரியவர் வள்ளத்தில் தப்பி வந்தவர். தோற்ற படையிலிருந்து திரும்பியவரை, வேற்று நாட்டுக்காகத் துவக்குத் தூக்கிய குற்றத்துக்காக இந்த நாடு பிடித்து மறியலில் அடைத்தது. அதையும் சாப்பிடும்போதுதான் அறிந்தேன்.

2.40. திரும்பும் ரயில். கெல்லர் பேணியைப் பைக்குள் வைக்கவில்லை, மடியில் வைத்திருந்தார். "அந்தப் பத்தி உங்கட கடையளிலை இருக்குமோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். பிறகு தூங்கிவிட்டார்.

போன வருடக் கடைசியில், இராணுவம் வருகிறதென்று யாழ்ப்பாணமே எழும்பி வெளியேறியபோது தம்பி எங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனான். இந்த மாதம் திரும்பிப் போனவன் எழுதியிருக்கிறான். கதவும் இல்லை, குசினியில் ஒரு கரண்டியும் இல்லையாம். எடுத்தவர் யாரென்று யாருக்குத் தெரியும்? அவர்களில் ஒருவர் வயதான காலத்தில் என் வாசலுக்கு வந்தால் என்ன செய்வேன் என்று வழியெல்லாம் யோசித்தேன். அந்தப் பெரியவரைப் போல, நீங்களே வைத்திருங்கள் என்று சொல்ல என்னால் முடியாது. அம்மாவின் பித்தளை மூக்குப்பேணியைக் கண்டால், கொண்டுவந்தவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் அதை வாங்க இரண்டு கையையும் நீட்டிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.