அழுகைக்குப் புரூஃப் பார்த்தவன்

பிழை திருத்துகிறவனுக்குக் கொம்பும் காலும்தான் தொல்லை என்று வெளியாட்கள் நினைப்பார்கள். அடுத்தவர் துக்கத்தைப் படித்துவிட்டு 'சரி' என்று கையெழுத்துப் போடுகிற சங்கடம், அந்த மேசையில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும்.

ஐம்பதுகளின் கடைசியிலிருந்து ஏழெட்டு வருஷம் தென்காசியில் ஒரு சின்ன அச்சகத்தில் இருந்தேன். மனுஷனுடைய கஷ்டத்தை எழுதுகிறவர்கள் எந்த ஒரு சொல்லில் கொண்டுவந்து வைக்கிறார்கள் என்று கவனிக்கிற பழக்கம் அங்கேதான் வந்தது.

ஐ தீர்ந்தது

செங்கோட்டையிலிருந்து ஒரு குமாஸ்தா, தாம் எழுதிய நாடகத்தை அச்சடிக்கக் கொண்டுவந்தார். கடைசிக் காட்சியில், கணவனைப் போரில் இழந்த ராணி புலம்புகிறாள். வரிக்கு ஒரு 'ஐயகோ'. மூன்றாம் பக்கத்துக்கு எழுத்துக் கோக்கும்போதே கம்பாசிட்டர் சுப்பையா அண்ணாச்சி எழுந்து வந்து, பெட்டியில் 'ஐ' காலி என்றார். ஈய எழுத்து, புதிதாக வேண்டுமென்றால் மதுரைக்கு எழுதி வரவழைக்க வேண்டும். நாடகமோ அடுத்த வாரம்.

குமாஸ்தாவிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். ஒரு பென்சிலை வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்து ஒவ்வொரு 'ஐயகோ'வாக அடித்தார். உதடு அசையப் படித்துப் பார்ப்பார், மறுபடி அடிப்பார். கடைசியில், ராணி உடலைப் பார்க்கிற இடத்தில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதைப் படித்தபோது அவர் கண் கலங்கியது. காகிதத்தை என்னிடம் நீட்டினார்.

"இதுதான் சார் அவ அழுதது. மத்ததெல்லாம் நான் அழுதது."

நான் சேர்த்த கண்ணீர்

குற்றாலத்தில் டீச்சராக இருந்த ஓர் அம்மாள் சிறுகதைத் தொகுதி கொடுத்திருந்தார். ஒரு கதையில், புருஷன் செத்த இரண்டாம் நாள், பக்கத்து வீட்டிலிருந்து அந்தப் பெண்ணுக்குச் சோறு வருகிறது. அதற்கப்புறம் தனி வரியில் ஒரே சொல்: 'சாப்பிட்டாள்.' ஏதோ விட்டுப்போயிற்று என்று கைப்பிரதியைப் பார்த்தேன். அதிலும் அவ்வளவுதான். மறந்திருப்பார் என்று 'கண்ணீர் வழிய' என்பதை முன்னால் சேர்த்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தக் கதை இருந்த பாரம், எட்டுப் பக்கம் சேர்ந்த தாள், அச்சான பிறகு, டீச்சர் சாரலில் நனைந்த குடையோடு வந்து அதை எடுத்துப் பார்த்தார். யார் சேர்த்தது என்று கேட்டார். நான்தான் என்று ஒப்புக்கொண்டு, அவள் அழாமலா சாப்பிட்டிருப்பாள் என்றும் கேட்டுவைத்தேன். அந்தப் பாரம் முழுவதையும் மறுபடி அடிக்க நேர்ந்தது. முதலாளி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. டீச்சர் சத்தமே போடவில்லை.

"ரெண்டு நாளாப் பட்டினி சார் அவ. இப்பமும் பசிக்குதேங்கதுதான் அவளுக்குத் துக்கம்."

சரமகவியில் இல்லாத சொல்

இறந்தவர்மேல் பாட்டு எழுதி அச்சடித்து, பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பார்கள். அதுதான் சரமகவி. எங்களுக்கு எழுதித் தர ஒரு புலவர் இருந்தார். 'அந்தோ', 'ஆறாத்துயர்' எல்லாம் தயாராக இருக்கும். பெயரும் ஊரும் மாறினால் போதும்.

இலஞ்சியில் நெல் பயிரிடுகிற ஒருவர், அறுபது வயசிருக்கும், மனைவிக்காக வந்தார். படிக்கத் தெரியாது என்பதால் புரூஃபை வாசித்துக் காட்டினேன். 'ஆறாத்துயர்' என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். நல்லாத்தான் இருக்கு, ஆனா அவ சொல்லு ஒண்ணும் இதில இல்லையே என்றார். அவர் கேட்டது ஒரே சொல்: 'ஏங்க.' நாற்பது வருஷம் அந்த அம்மாள் அவரை அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறாள். யாப்பில் நிற்காது, படிக்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று புலவர் மறுத்தார். எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனாலும் பாட்டுக்குக் கீழே இடம் விட்டு, அந்தச் சொல்லை மட்டும் தனியாகக் கோக்கச் சொன்னேன்.

மை காயாத தாளைக் கொடுத்ததும், அந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று கேட்டு, விரலை அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். பிள்ளைகள் இருக்கிறார்களே, கூப்பிட ஆளா இல்லை என்று ஆறுதலுக்குச் சொல்லிப் பார்த்தேன்.

"அப்பாங்காவ, தாத்தாங்காவ, அண்ணாச்சின்னு ஊரே கூப்பிடுது. 'ஏங்க'ன்னு கூப்பிட இனிமே யாரும் இல்லையே, அய்யா."

துக்கத்தை எழுத எத்தனை சொல் வேண்டும் என்று என்னைக் கேட்டால் ஒன்று போதும் என்பேன். அது எந்தச் சொல் என்று கேட்டால், எனக்கு ஒற்றுப்பிழை மட்டும்தான் பார்க்கத் தெரியும்.