பெரிய வீட்டு முன்வாசல்

தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்தில் என்னைக் கடந்துபோன பெண் காவலரின் உடுப்பில் கஞ்சி வாசனை அடித்தது. சித்தியின் ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் ஊரில் முதன்முதலாகப் போலீஸ் வேலைக்குப் போன பெண் அவள்தான். காக்கி உடுப்பை வடிகஞ்சியில் முக்கிக் காயவைத்து, கரி போட்ட இஸ்திரிப்பெட்டியால் தேய்ப்பாள். பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்குப் பசியெடுக்கும்.

ஒருமுறை, குடிசையைக் காலிசெய்ய மறுத்த கூலிக்காரப் பெண்ணை மிராசுதார் அடித்துவிட்டார். அவரை விசாரணைக்கு அழைத்துப்போக ஏட்டும் சித்தியும் வந்தார்கள். ஏட்டு தெருவிலேயே தயங்கி நின்றார். சித்தி பெரிய வீட்டு முன்வாசல் படியேறினாள். நாங்கள் எதிர்ப்புறம் நின்று பார்த்தோம்.

"நீ நம்ம பண்ணையில நடவு நட்ட காளியம்மா மகதானே? கொல்லப்பக்கமா வா" என்றார் மிராசுதார்.

"கொல்லப்பக்கமா வந்தது எங்கம்மாங்க. நான் ஸ்டேஷன்லேர்ந்து வர்றேன். சட்டையப் போட்டுக்கிட்டுக் கிளம்புங்க."

அவர் ஏட்டைப் பார்த்தார். ஏட்டு தரையைப் பார்த்தார். கடைசியில் மிராசுதார் சட்டை போட்டுக்கொண்டு இறங்கி வந்தார்.

அடுத்த மாதமே சித்தியை எங்கோ தூரத்துக்கு மாற்றினார்கள். வரப்பு வழியாகப் போனால் பஸ்ஸுக்குப் பக்கம் என்றாள் அம்மா.

"தெரு வழியாவே போறேன்க்கா" என்ற சித்தி, முழு உடுப்போடு, பெட்டியும் கையுமாக, மிராசுதார் வீட்டைத் தாண்டி மெதுவாக நடந்தாள்.

அடிவாங்கிய பெண்ணின் குடிசையை அதற்குப்பின் யாரும் தொடவில்லை. இன்று அங்கே அவள் மகன் கட்டிய மாடிவீடு நிற்கிறது.