வினோலியாவுக்கு அது மட்டும்தானா?

எங்கள் சுரங்க டவுன்ஷிப்பில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஆரோக்கியதாஸ் அண்ணன் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. சுரங்கத்தில், நிலக்கரியைச் சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் வேலை. பெல்ட் எத்தனை மணிக்கு நின்றது, எதனால் நின்றது, மறுபடி எப்போது ஓடியது என்று ஷிப்டுக்கு ஷிப்ட் நோட்டில் எழுதிவைக்க வேண்டும். இருபது வருஷம் அதை எழுதி எழுதி மனுஷனுக்குப் பேச்சே அளவாகிவிட்டது. "குழம்பு எப்படி இருந்துச்சு?" என்று லூர்துமேரி அக்கா கேட்டால், "நார்மல்" என்பார். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர்களுக்கு ஒரே பெண், வினோலியா. பிறந்த அன்றைக்கே டவுன் சிண்ட்ரோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தப் பெயர் எங்கள் பிளாக்கில் பரவிய விதம் தனிக்கதை. எதிர்வீட்டு சிங்காரவேல் சார் அதை 'டவுன்ஷிப் சிண்ட்ரோம்' என்று காதில் வாங்கிக்கொண்டு, "இங்கேயே ரொம்ப நாள் இருந்தா வருமாமே" என்று கலங்கி, தன் இரண்டு பிள்ளைகளையும் ஒரு மாசம் மாமியார் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். சரியான விஷயம் தெரிந்த பிறகும் அவர் முழுதாக நம்பவில்லை.

நானும் பெரிய அறிவாளி இல்லை. ஏதோ ஒரு வாரப் பத்திரிகையில் படித்ததை வைத்துக்கொண்டு, "இந்த மாதிரிப் பிள்ளைங்க ரொம்பப் பாசமா இருக்கும்க்கா. பாட்டுன்னா உசுரு. ஓடி வந்து கட்டிக்கும்" என்று மேரி அக்காவுக்கு வகுப்பெடுத்தேன். வினோலியா என்னை ஒரு நாளும் கட்டிக்கொண்டதில்லை. நான் கையை நீட்டினால் என் வளையலைச் சுற்றிவிட்டு, அது நின்றதும் போய்விடுவாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். ஃபேன் ஓடினால் போதும், கீழே மல்லாந்து படுத்து அரை மணி பார்ப்பாள். மற்ற நேரமெல்லாம் ஓட்டம்தான். சாப்பிடும்போதும் ஓட்டம், தலைவாரும்போதும் ஓட்டம். அவள் பின்னால் ஓடி ஓடியே மேரி அக்கா சுகர் மாத்திரையைக் குறைத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை நடந்துகொண்டிருந்தபோது வினோலியா மாதா கோவிலுக்கு வெளியே இருந்த அத்தனை செருப்பையும் வரிசைப்படுத்திவிட்டாள். ஜோடி ஜோடியாக அல்ல. இடதுகால் எல்லாம் ஒரு வரிசை, வலதுகால் எல்லாம் ஒரு வரிசை. பூசை முடிந்து வந்த இருநூறு பேரும் குனிந்துகொண்டே நடந்தார்கள். யாரோ ஒருவர் இரண்டு இடதுகாலோடு வீட்டுக்கே போய்விட்டார். "விடுங்க, டவுன் பிள்ளை, அப்படித்தான்" என்று எல்லாரும் பெருந்தன்மையாக மன்னித்தார்கள்.

இந்த 'அப்படித்தான்' எதற்கும் பொருந்தியது. ஓடுகிறாளா, அப்படித்தான். தூங்கவில்லையா, அப்படித்தான். அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு மேரி அக்காவும் எதையும் கேட்பதை விட்டுவிட்டார்.

வினோலியாவுக்கு ஏழு வயசு நடந்தபோது அந்த பஸ் விஷயம் நடந்தது. அண்ணன் முதல் ஷிப்டுக்குப் போயிருந்தார். அக்கா அடுப்பில் பாலைப் பார்த்த நேரத்தில் வினோலியா கேட்டைத் தாண்டி, தெருமுனையில் நின்ற சுரங்க பஸ்ஸில் ஏறி, ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். அது இன்ஜினியர் சங்கரலிங்கம் பத்து வருஷமாக உட்காரும் சீட். அவர் ஏறி வந்து, "பாப்பா, எந்திரி" என்றார். அவள் காதில் வாங்கவில்லை. யாரோ கூட்டிவந்த பிள்ளை என்று நினைத்து அவர் நின்றுகொண்டே போனார். சுரங்க வாசலில் செக்யூரிட்டி பாஸ் கேட்டபோதுதான் அவள் பஸ்ஸில் வந்த யாருடைய பிள்ளையும் இல்லை என்று தெரிந்தது.

யாரோ அடையாளம் கண்டு சொல்லி, போன் போய், அண்ணன் ஹெல்மெட்டும் பூட்ஸுமாக மூச்சு வாங்க ஓடிவந்தார். வினோலியா வேலியைப் பிடித்துக்கொண்டு, தூரத்தில் ஓடும் பெல்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சங்கரலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா தாஸ், அப்பாவைத் தேடி இம்மாந்தூரம் வந்திருக்கு! இந்தப் பிள்ளைங்க பாசம் யாருக்கும் வராதுங்க." செக்யூரிட்டியும் மூக்கை உறிஞ்சினார்.

அண்ணன் மகளைப் பார்த்தார், பெல்ட்டைப் பார்த்தார். "இல்ல சார். அவ என்னை இன்னும் பாக்கவே இல்ல. பெல்ட்டைத்தான் பாக்குறா" என்றார்.

அன்றிலிருந்து அவருக்குள் ஏதோ ஓட ஆரம்பித்தது. அடுத்த மாசம் பாண்டிச்சேரியில் டவுன் பிள்ளைகளின் பெற்றோர் கூட்டம் என்று கேள்விப்பட்டு மூன்று பேரும் போனார்கள். அங்கே ஆறு பிள்ளைகள் மைக்கில் பாட்டுப் போட்டதும் மேடையேறி ஆடின. ஒரு பையன் வந்தவர்களுக்கெல்லாம் கைகொடுத்து, "சாப்டீங்களா?" என்று கேட்டான். வினோலியா பாட்டுச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு ஹாலை விட்டு வெளியே ஓடினாள். திரும்பி வரும்போது அண்ணன் சொன்னாராம்: "மேரி, ஆறும் டவுன் பிள்ளைங்கதான். நம்ம பிள்ளை மட்டும் வேற மாதிரி இருக்கா. டவுன் மட்டும்தான் காரணம்னா அதுங்களும் இப்படித்தானே இருக்கணும்? வேற ஏதோ சேர்ந்திருக்கு." கல்யாணமாகி அவர் ஒரே மூச்சில் பேசிய அதிகபட்சம் அதுதான் என்று அக்கா என்னிடம் ஆச்சரியப்பட்டார்.

முதலில் பார்த்த டாக்டர் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். இரண்டு விநாடி இருக்கும். "டவுன்தானே, அப்படித்தான் இருக்கும்." இரண்டாவது டாக்டர் கொஞ்சம் கனிவானவர், அதையே இங்கிலீஷில் சொன்னார். அண்ணன் விடவில்லை. 2014-இல் பாண்டிச்சேரியில் ஒரு டாக்டரம்மாவைக் கண்டுபிடித்தார். குழந்தைகளின் வளர்ச்சியை மட்டும் பார்க்கிறவர்.

அந்தம்மா எடுத்த எடுப்பில் எந்தப் பெயரும் சொல்லவில்லை. "தைராய்டு பாத்தீங்களா? காது? தூக்கத்துல குறட்டை விடுறாளா, மூச்சு தடுமாறுதா? இதுல எது கெட்டாலும் பிள்ளை கவனிக்காது, அடங்காது. முதல்ல இதைப் பாத்துடுவோம்" என்றார்.

காது டெஸ்ட்டில் ஒரு பெண் மணியடித்தாள், மேளம் தட்டினாள், கிலுகிலுப்பை ஆட்டினாள். வினோலியா அசையவில்லை. "காது கேக்கல போலிருக்கே" என்று அந்தப் பெண் எழுதிக்கொண்டிருந்த சமயம், மேரி அக்கா பசிக்கு ஒரு பிஸ்கட் வாயில் போடலாமென்று மூலையில் உட்கார்ந்து பாக்கெட்டைப் பிரித்தார். வினோலியா சட்டென்று திரும்பினாள். அந்தப் பெண் எழுதியதை அடித்துவிட்டாள். பிள்ளையைத் தூங்கவைத்து எடுத்த டெஸ்ட்டிலும் காது நன்றாக இருந்தது. குறட்டையும் இல்லை. தைராய்டு மட்டும் கொஞ்சம் குறைவு. மாத்திரை கொடுத்து, "மூணு மாசம் பாப்போம். அப்பவும் ஓடினான்னா வாங்க" என்றார் டாக்டரம்மா.

அப்பவும் ஓடினாள்.

இந்த முறை டாக்டரம்மா ஒரு கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு, "பதினாலு நாள் வீட்டுல என்ன செய்யிறான்னு கவனிச்சு எழுதிட்டு வாங்க" என்றார். அண்ணன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. வந்த அன்றே புது நோட்டு வாங்கி மார்ஜின் போட்டுவிட்டார்.

கேள்வித்தாளை நிரப்பும் சண்டை சுவர் தாண்டி எங்கள் வீட்டுக்குக் கேட்டது.

"'காரணமில்லாமல் எழுந்து ஓடுகிறாளா?' ஆமான்னு போடுறேன்."

"ஏங்க, காரணம் இல்லாமயா ஓடுறா? பஸ் சத்தம் கேக்குது, ஓடுறா."

"'பேசும்போது முகத்தைப் பார்ப்பதில்லை.' ஆமா."

"நீங்க மட்டும் பாக்குறீங்களாக்கும்!"

"'ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறாள்.'"

"இருபது வருஷமா நோட்டு எழுதுறவரு கேக்குற கேள்வியா இது? இந்தத் தாளை உங்களுக்கும் ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கலாம்."

பதினைந்தாம் நாள் நோட்டு டாக்டரம்மா கைக்குப் போனது. மேரி அக்கா அதை அப்புறம் எனக்கும் காட்டினார்.

'05.40 எழுந்தது. 05.42 ஓடியது. 05.45 கேட்டருகே பிடிக்கப்பட்டது. சேதம் இல்லை.'

'07.10 இட்லி மூன்று. நான்காவது வட்டமாக இல்லாததால் நிராகரிக்கப்பட்டது.'

'16.20 ஃபேன் பார்த்தல். ஐந்து முறை பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்டது. பதில் இல்லை. ஆறாவது முறை கூப்பிடவில்லை.'

'18.05 ஃபேன் நிறுத்தப்பட்டது. அழுகை 18.50 வரை. காரணம்: நான்.'

டாக்டரம்மா முதல் பக்கத்தில் வாய்விட்டுச் சிரித்தாராம். நான்காம் பக்கத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டார். கடைசிப் பக்கம் வரைக்கும் படித்து, ஸ்பெஷல் ஸ்கூல் டீச்சர் எழுதிக்கொடுத்ததையும் படித்தார். இரண்டு தடவை வினோலியாவோடு தரையில் உட்கார்ந்து விளையாடியும் பார்த்தார்.

அப்புறம் சொன்னார்: "உங்க பொண்ணுக்கு எட்டு வயசு. ஆனா புரிஞ்சுக்குறது மூணு வயசு அளவுக்கு. அதனால எட்டு வயசுப் பிள்ளையோட ஒப்பிடக்கூடாது. டவுன் இருந்தாலும் மூணு வயசு அறிவு இருக்கிற பிள்ளை அம்மா முகத்தைப் பாத்துச் சிரிக்கும், கைகாட்டிப் பேசும். இவ அதுவும் செய்யல. இது ஆட்டிசம். அந்த மூணு வயசுக்கும் இந்த ஓட்டம் ரொம்ப அதிகம். அது கவனக்குறைவும் அதீதத் துறுதுறுப்பும் சேர்ந்த இன்னொரு குறைபாடு, ஏ.டி.ஹெச்.டி.ன்னு சொல்லுவாங்க. டவுனோட இது ரெண்டும் சேர்ந்து வர்றது உண்டுங்க. முகத்தைப் பாத்ததும் ஒரு பேர் கிடைச்சிடுது, எல்லாரும் அங்கேயே நின்னுடுறாங்க."

மேரி அக்கா அழுதார். அண்ணன், "நன்றிங்க மேடம்" என்று எழுந்து நின்று கைகூப்பினார்.

விஷயம் பிளாக்கில் தெரிந்ததும் ஆறுதல் சொல்ல ஆட்கள் வந்தார்கள். சிங்காரவேல் சார் இரண்டு ஆப்பிளோடு வந்து, "ஒண்ணுக்கு மூணா ஆயிடுச்சாமேம்மா" என்று துக்கப்பட்டார்.

மேரி அக்கா ஆப்பிளை வாங்கிக்கொண்டு, "ஒண்ணுன்னு சொன்னப்பவும் மூணுதான் சார் இருந்துச்சு. நமக்குத்தான் எண்ணத் தெரியல" என்றார்.

பெயர் தெரிந்ததால் வீடு கொஞ்சம் மாறியது. ஸ்கூல் ஆண்டுவிழாவில் அவளை ஆடவைக்கும் பாடு நின்றது. படம் போட்ட அட்டைகளைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளர் படம், வெளியே போகவேண்டுமென்றால் பஸ் படம். இதயத்தைப் பரிசோதித்த பிறகு ஓட்டத்தைக் குறைக்கக் கொஞ்சமாக ஒரு மாத்திரையும் ஆரம்பித்தார்கள். முதல் நான்கு மாசம் அவள் எல்லா அட்டையையும் ஓரம் கடித்தாள். ஐந்தாவது மாசம் பஸ் அட்டையை அப்பா கையில் வைத்தாள். வைத்தாள் என்றால், அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது மூக்கில் அழுத்தினாள். லீவு நாளில் டவுன் பஸ்ஸில் அப்பாவும் மகளும் மெயின் பஜார் வரை போய், இறங்காமல் திரும்பி வருவார்கள். கண்டக்டர் ஏன் என்று கேட்பதை விட்டுவிட்டார்.

இந்த மாதிரிப் பிள்ளைகள் விஷயம் தெரிந்தவர் என்று அண்ணனுக்கு ஊரில் ஒரு பெயர் வந்துவிட்டது. 2018-இல் கம்மாபுரத்திலிருந்து வீராயி என்று ஒரு அம்மா தேடி வந்தார். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. அவருடைய ஐந்து வயசு மகளுக்குப் பிறவியிலேயே கண்ணில் புரை. ஆபரேஷன் ஆகியும் பார்வை மங்கல்தான். பேச்சு இல்லை, உட்கார்ந்த இடத்தில் ஆடிக்கொண்டே இருப்பாள், விரலால் கண்ணை அழுத்திக்கொள்வாள். கண் தெரியாததால்தான் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்களாம்.

"அப்படிச் சொல்லி நிறுத்திடுவாங்கம்மா. வேற ஏதோ சேர்ந்திருக்கும்" என்றார் அண்ணன், ஊன்றிய குரலில். வீராயிக்கு நோட்டு எழுதவும் சொல்லிக்கொடுத்து, லீவு போட்டு பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போனார்.

டாக்டரம்மா மூன்று தடவை வரச்சொல்லிப் பார்த்தார். கடைசியில், "இவளுக்கு ஆட்டிசம் இல்ல. ஆடுறது, கண்ணை அழுத்துறது எல்லாம் பார்வை குறைஞ்ச பிள்ளைங்க செய்யிறதுதான். நான் கையில கொடுத்த பொம்மையை அவங்கம்மாகிட்ட கொண்டுபோய்க் காட்டுறா பாருங்க. கண்ணாடியை மாத்தி, தொட்டுத் தொட்டுப் பேசிப் பழக்குங்க, பேச்சு வந்துடும்" என்றார்.

வீராயி மகளைத் தூக்கிக் கொஞ்சிக்கொண்டே பஸ் ஏறினார். அண்ணன் பக்கத்து சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடலூர் தாண்டியும் ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார். வீராயியே அதை என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

"ஏண்ணே, ஒண்ணும் இல்லன்னு சொன்னதுக்கா மூஞ்சத் தூக்கி வச்சிகினு வர்றீங்க?"

"அதெல்லாம் இல்லம்மா. டாக்டரம்மா சரியாப் பாத்தாங்களான்னு யோசிக்கிறேன்."

"சரியாத்தான் பாத்திருப்பாங்க. நீங்க செத்த நேரம் தூங்குங்கண்ணே, பஸ் மாற பண்ருட்டி வந்தா எழுப்புறேன்."