பன்னிரண்டு வயதுக்கு மேல்

பிள்ளைகளே, அக்காவை ஏன் இப்போதெல்லாம் பூங்காவுக்கு அழைத்துப் போவதில்லை என்று கேட்கிறீர்கள். நேரில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

திருப்பாதிரிப்புலியூரில் நம் தெருவுக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பூங்கா நான்கு வீட்டு மனை அளவுதான். சுற்றிலும் மாடி வீடுகள். இருப்பது ஒரே ஊஞ்சல். கல்லூரிப் பையன்கள் இரண்டிரண்டு பேராக ஏறி ஆடி, சங்கிலியை இரண்டு முறை அறுத்துவிட்டார்கள். தெருக்காரர்கள் சேர்ந்து மனு கொடுத்தோம். எழுதியது நான்தான். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் ஆடக் கூடாது என்று போர்டு வைத்தார்கள். அப்போது அக்காவுக்குப் பதினொன்று. அவளுக்கும் வயது ஏறும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் மனசு ஐந்து வயதிலேயே நின்றுவிட்டது. நானும் அங்கேயே நின்றுவிட்டேன் போல.

போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளோடு போனேன். பதினாலு வயது, என் தோள் உயரம் வந்துவிட்டாள். வரிசையில் நின்று எங்கள் முறை வந்ததும் காவலாளி விசில் ஊதினார். வேலைக்குப் புதிது. போர்டு என்னால் வந்தது என்று யாரோ அவரிடம் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

"என்னா மாமா, போர்டு வாங்கியாந்ததே நீங்க. நீங்களே மீறுனா நான் எவனத் தடுக்குறது?"

"ஒரு அஞ்சு நிமிஷம்பா."

"காலேஜ் பசங்களும் அதத்தான் சொல்லுவானுங்க."

பின்னால் குழந்தையோடு நின்ற பெண், "இம்மாம் பெரிய பொண்ணு ஏறுனா சங்கிலி தாங்குமா? எம்புள்ள எவ்ளோ நேரமா நிக்குது. ஒயரமா வளந்தா போதுமா, வெவரம் வேணாமா?" என்றார்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருவரும் வழி விட்டிருப்பார்கள். ஆனால் அதை அவள் எதிரில் சொல்ல வேண்டும். அவளுக்குப் புரியாது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். டாக்டர் அவள் மனசைப் பற்றி என்னிடம் சொன்ன அன்று, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் துப்பட்டாவை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அதை நான் பார்த்தேன்.

ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்தபடி அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளாகவே கையை எடுத்துவிட்டாள்.

ஓரத்தில் இருந்த சிமெண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். கால்களை முன்னும் பின்னும் ஆட்டினாள்.

"தள்ளுப்பா" என்றாள்.

முதுகில் கை வைத்துத் தள்ளினேன். அந்தக் குழந்தை ஆடி முடித்து இறங்கும்வரை தள்ளிக்கொண்டிருந்தேன்.