சாரல் காற்றும் ஒரு காது குத்தும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆனி மாதம். என் தங்கை மகளுக்குப் பண்பொழி மலைக்கோயிலில் காது குத்து. தாய்மாமன் நான்தான், என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். ராணுவத்தில் லாரி ஓட்டுகிற எனக்கு லீவு கிடைத்ததே பெரும்பாடு. முகூர்த்தம் உச்சிக்கு முன்னால். அன்று காலைதான் சென்னைக்கே வந்து சேர்ந்தேன். அங்கிருந்து விமானம் ஏறினால் முகூர்த்தத்தைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

எங்கள் பக்கம் வருவது இறக்கைக்கு ஒரு காற்றாடி வைத்த சின்ன விமானம். ஓடுபாதையும் சின்னது. பயணிகளில் பாதிப் பேர் குற்றாலம் சீசனுக்குக் கிளம்பியவர்கள். என் முன் இருக்கையில் ஜரிகை வேட்டி கட்டிய தென்காசிக்காரர் ஒருவர். ஊரிலிருந்து வந்த போனை வைத்துவிட்டு, "காத்து ஆளையே தூக்குதாம்லா! இந்த வருசம் சாரல் பிரமாதம்" என்று அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் சொல்லிப் பூரித்துப்போனார்.

அந்தக் காற்று எங்களை இறங்க விடவில்லை. எதிர்க்காற்று நிதானமாக அடித்தால் நல்லதுதான், விமானத்தைத் தாங்கிப் பிடிக்கும். அன்றைக்கு அது திடீரென்று நின்றது, திடீரென்று பக்கவாட்டில் வந்து அறைந்தது. கீழே பனைமரங்கள் தலைவிரித்து ஆடுவது தெரிந்தது. இதோ தரையைத் தொடப்போகிறோம் என்ற நேரத்தில் என்ஜின் அலற, விமானம் மறுபடி மேலே ஏறிவிட்டது. ஒரு சுற்றுச் சுற்றி வந்து இன்னொரு முறை முயன்றார் விமானி. அப்போதும் அதே கதை. பிறகு மதுரைக்குப் போவதாக ஒலிபெருக்கியில் சொன்னார்.

என் முகூர்த்தம் அத்தோடு போயிற்று. ஆத்திரம் வந்தது என்னவோ உண்மை. ஆனால் மதுரையில் இறங்கியபோது நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

விமானி வாசலருகே நின்று ஒவ்வொருவரிடமும் வருத்தம் சொல்லிக்கொண்டிருந்தார். இளம் வயது. சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. அவரைச் சுற்றி நின்று கத்தினார்கள். ஒருவர் செல்போனில் படம் பிடித்தார். ஜரிகை வேட்டிக்காரர், "எங்க ஊரு மினிபஸ் டிரைவர்ட்ட குடுத்திருந்தா எறக்கியிருப்பான்லே! உனக்கெல்லாம் எவன் லைசென்ஸ் குடுத்தான்?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். விமானி அடுத்து இறங்கியவரிடமும் வருத்தம் சொன்னார்.

எனக்குப் பொறுக்கவில்லை. மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவன் நான். போகாதே என்று பாதை சொல்லும்போது திரும்பி வருவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். "காலையில பிரமாதம்னு சொன்னீங்களே அண்ணாச்சி, அந்தக் காத்துதான் இது. குளிக்கதுக்கு மட்டும் நல்ல காத்தா?" என்று கேட்டேன். "நீரு சும்மா இரும்வே, ஒமக்கு என்ன அவசரம்!" என்றார். எனக்கு என்ன அவசரம் என்று அவருக்கு எப்படித் தெரியும்!

தங்கைக்குப் போன் செய்தேன். அவள் கணவர்தான் எடுத்தார். "ஊர் வாசல் வரைக்கும் வந்துட்டு எறங்க மாட்டேன்னா என்ன மச்சான் அர்த்தம்? பயந்தாங்கொள்ளிப் பயலால்லா இருக்கான்!" என்று அவரும் அதே பாட்டைப் பாடினார். ஒன்றுவிட்ட அண்ணன் மடியில் வைத்து முடித்துவிடலாம் என்று சொந்தங்கள் நெருக்கியிருக்கிறார்கள். தங்கை பிள்ளையை யாரிடமும் கொடுக்கவில்லை. "எங்க அண்ணன் வருதான், அவன் மடியிலதான்" என்று பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டாளாம்.

மதுரையிலிருந்து டாக்சி பிடித்து மலை ஏறியபோது கோயில் நடை சாத்தியிருந்தது. சாயங்காலம் திறந்ததும் பிள்ளையை மடியில் வாங்கினேன். ஆசாரி ஊசியைக் காதருகே கொண்டுவந்தார். பிள்ளை தலையை வெடுக்கென்று திருப்பியது. கையை எடுத்துக்கொண்டார். மறுபடி கொண்டுவந்தார். அது துள்ளியது. மறுபடியும் எடுத்துக்கொண்டார். சுற்றி நின்ற ஒருவர்கூட அவரைத் திட்டவில்லை. "பதறாதீங்க ஆசாரி, புள்ள ஆடுதுல்லா. அசையாம இருக்கும்போது பாத்துக் குத்துங்க" என்று பதறியது யார்? என் தங்கை கணவர்தான்.

எனக்கு வந்த கோபத்தில், "விமானத்துல இருந்த நாங்கல்லாம் புள்ளையளா தெரியலயோ மாப்ளே?" என்று கேட்டுவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். மலை மேல் காற்று வீசிக்கொண்டே இருந்தது. பிள்ளை ஒரு நொடி அசையாமல் இருந்தபோது ஆசாரி குத்தி முடித்தார்.

இப்போது தங்கை மகள் கம்மலை ஆட்டிக்கொண்டு என் முன்னால் ஓடும்போதெல்லாம், அவளை மடியில் வாங்க என்னை உயிரோடு கொண்டுவந்து சேர்த்த அந்த விமானிப் பிள்ளையிடம், அத்தனை பேர் கத்தியதில், நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லாமல் வந்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொள்கிறது.