ஆலா முட்டைகளுக்கு நடுவே ஒரு ரிவர்ஸ்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற வழியில், மம்சாபுரம் பக்கம் ஒரு கண்மாயில் காரை நிறுத்துகிறேன். தண்ணீர் வற்றி நடுவில் மண்திட்டு தெரிகிறது, பின்னால் மலை. கிளீனராக இருந்து லாரி முதலாளியான நான் நின்று படம் எடுத்துக்கொள்ளத் தோதான இடம். காய்ந்த தரையில் நடந்து திட்டின் நடுவுக்கே போய்விடுகிறேன்.

மஞ்சள் அலகுப் பறவை ஒன்று பாய்ந்து வந்து தலையில் கொத்துகிறது. ஐந்தாம் வகுப்பு வாத்தியாருக்குப் பிறகு என் தலையில் ஒரு போடு போட்ட ஆள் இதுதான்.

"அண்ணாச்சி, அசையாதீய" என்று கரையில் ஆடு மேய்க்கிற பெண் கத்துகிறாள். "அது ஆலா. கூடு கட்டாது, வெறுந்தரையில முட்டை போடும். இந்த இனமே கொறஞ்சு போச்சாம். நானே ஆட்டை அங்கிட்டு விடுறதில்ல."

குனிந்து பார்க்கிறேன். கூழாங்கல் என்று நினைத்தது எல்லாம் முட்டை. திரும்பக்கூட இடமில்லை.

"அப்படியே பின்னால வாங்க. நான் சொல்லுதேன்."

மலைப்பாதையில் லோடு வண்டியையே தனியாக ரிவர்ஸ் எடுத்தவன் நான்.

"ஏத்தா, நான் லாரி ஓட்டுனவன்."

"இப்ப நீங்க கண்ணாடி இல்லாத வண்டிதான, பேசாம வாங்க. லெப்ட்டுல ஒடிங்க. நில்லுங்க, முட்டை. இப்ப வாங்க, வாங்க."

ஒன்றுகூட உடையாமல் கரைக்கு வந்துவிடுகிறேன். என் சர்வீஸிலேயே சுத்தமான ரிவர்ஸ் இதுதான் என்கிறேன். அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். ஆலா தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு பறந்து வருகிறது. வெயிலில் சூடேறிக் கிடக்கிற முட்டைகள் மேல், என் செருப்புத் தடத்தை ஒட்டி, அந்த ஈரத்தோடு உட்காருகிறது.